என் பல்லுக்குத் துணையாக வந்த அக்கா

1

தினமும் காலையில் பதினோரு பேரின் வாயைத் திறந்து பார்ப்பது என் வேலை. நியூசிலாந்தில், ஹாமில்டன் என்கிற ஊரில், ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளராக இருக்கிறேன். கையுறை மாட்டிக்கொண்டு, பல்செட் வைத்திருப்பவர்களுக்கு அதைக் கழற்றிக் கழுவ வேண்டும். சொந்தப் பல் இருப்பவர்களுக்குத் துலக்கிவிட வேண்டும். பிறகு சின்ன டார்ச் அடித்துக் கன்னத்தின் உட்புறம், நாக்கின் அடி, மேலண்ணம் எல்லாம் பார்த்து, புண்ணோ வெள்ளைத் திட்டோ வீக்கமோ இருந்தால் கணினியில் குறிக்க வேண்டும். குறித்த அன்றே நர்ஸ் வந்து பார்த்துவிடுவார்.

பதினான்கு வருடமாக இதைச் செய்கிறேன். சேர்ந்த புதிதில் எனக்கு ஆங்கிலம் தடுமாறும். "உங்கள் பல்லைக் காட்டுங்கள்" என்பதற்குப் பதிலாக "உங்கள் பல்லைக் கொடுங்கள்" என்று ஒரு பெரியவரிடம் சொல்லிவிட்டேன். அவர் சாவகாசமாக இரண்டு செட்டையும் கழற்றி என் உள்ளங்கையில் வைத்துவிட்டு, "பத்திரம், மதியம் திருப்பிக் கொடுத்துவிடு" என்றார்.

இந்த வாரம் எங்கள் இல்லத்தில் புதிதாக ஒரு பெண் சேர்ந்திருக்கிறாள். அவளுக்கு வேலை பழக்கும் பொறுப்பு என்னுடையது. மூன்றாம் நாள் அவள் கேட்டாள்: "மற்றவர்கள் எல்லாம் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். நீங்கள் மட்டும் ஏன் ஒவ்வொரு கன்னத்தையும் இவ்வளவு நேரம் பார்க்கிறீர்கள்?"

அழுக்குத் துண்டுகளை அள்ளிக்கொண்டு துணி துவைக்கிற அறைக்குப் போய்விட்டேன். அவளிடம் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். போன வருடம் இதே மாதம் நடந்தது.

2

எனக்குக் கீழ்த்தாடையில், வலது பக்கம், ஒரு கடைவாய்ப்பல்லின் ஓரம் உடைந்தது. சீழ் கோத்து முகம் வீங்கிவிட்டது. இங்கே பல் வைத்தியம் பெரியவர்களுக்கு முழுக்கச் சொந்தச் செலவு. வேர் சிகிச்சை செய்து மேலே உறை போட மருத்துவர் சொன்ன தொகையைக் கேட்டதும் என் கணவர் ரவி, "அந்தக் காசுல ஊருக்கே போயிட்டு வந்துரலாமே" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். இரண்டு நாள் கழித்து நான் டிக்கெட் விலை பார்த்தேன். உண்மையாகவே போய்வரலாம்.

இங்கே எங்களைப் போன்றவர்களிடம் இது சாதாரணம். என்னோடு வேலை செய்யும் பிலிப்பைன்ஸ் பெண் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மணிலாவுக்குப் போய்ப் பல்லைப் பார்த்துக்கொண்டு, கூடவே அம்மாவையும் பார்த்துவிட்டு வருவாள். அவள் அதை அந்த வரிசையில்தான் சொல்வாள். நாங்கள் சிரிப்போம்.

எனக்கு ஊர் என்றால் சரோஜா அக்காதான். என்னைவிடப் பதினோரு வயது மூத்தவள். எங்கள் அப்பா அம்மா இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவர்கள். குன்னூருக்குப் பக்கத்தில் எஸ்டேட்டில் வேலை செய்தார்கள். அம்மா இறந்துபோனபோது எனக்கு ஒன்பது வயது. அதற்குப் பிறகு எனக்குத் தலை சீவி, தூக்குப்போசியில் சோறு போட்டுப் பள்ளிக்கூடம் அனுப்பியது அக்காதான். அவள் கல்யாணமாகிக் கேத்திக்குப் போனபோது என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். இப்போது மாமா இல்லை. மகன் செல்வம் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். அக்கா தனியாக இருந்துகொண்டு கேத்தியில் கேரட் தோட்டங்களுக்கு நாள்கூலிக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் வீடியோ காலில் பேசுவோம். ஒன்றிரண்டு வருடமாகவே அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டுதான் பேசுவாள். முன்பல் விழுந்துவிட்டது, கூச்சப்படுகிறாள் என்று நானே நினைத்துக்கொண்டேன். குளிருக்கு மூடியிருக்கிறாள் என்றுகூட ஒருநாள் நினைத்தேன். ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

டிக்கெட் எடுத்ததும் அக்காவிடம், "உன்னைப் பாக்க வர்றேன்கா" என்று சொன்னேன். ஆறு வருடமாகப் போகாத ஊருக்குப் பல்லுக்காகப் போகிறேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

3

மூன்று வாரம் விடுப்பு. ரவியையும் மகள் நிவியையும் விட்டுவிட்டு நான் மட்டும் கிளம்பினேன். முதல் வாரமே வேர் சிகிச்சையைத் தொடங்கிவிட்டால் கிளம்புவதற்குள் உறை போட்டுவிடலாம் என்று ஊட்டியில் ஒரு கிளினிக்கில் முன்பே பேசிவைத்திருந்தேன். மார்க்கெட்டுக்கு மேலே, மாடியில், சுத்தமான சிறிய இடம். மருத்துவர் முப்பது வயதுப் பெண், உள்ளூர்க்காரர்.

அக்கா வீட்டுக்கு வந்த முதல் இரண்டு நாளில் நான் கவனித்தவற்றை இப்போது வரிசையாகச் சொல்ல முடிகிறது. அக்கா எனக்குக் கறிக்குழம்பு வைத்தாள், தான் சாப்பிடவில்லை. சோற்றில் வெந்நீரை ஊற்றிப் பிசைந்து, ஸ்பூனால் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளினாள். நான் கொண்டுபோன பாதாமைத் தொடவே இல்லை. "நீ ஏன்கா ஸ்பூன்ல சாப்பிடறே?" என்று கேட்டதற்கு, "கையெல்லாம் வெடிப்பு கண்ணு, சுடுதண்ணி பட்டா எரியுது" என்றாள். கேரட் கழுவுகிற கை வெடிக்கத்தான் செய்யும். அதையும் நம்பினேன். தோள்பட்டை எலும்பு தெரிகிற அளவுக்கு இளைத்திருந்தாள். வயசாகிவிட்டது என்று நினைத்தேன். ஐம்பத்தெட்டு வயதெல்லாம் ஒரு வயசா? எங்கள் இல்லத்தில் தொண்ணூற்றிரண்டு வயதுக்காரர் பிஸ்கட்டைக் கடித்துத் தின்கிறார்.

கிளினிக்குக்குக் கிளம்பிய அன்று, "நானும் வர்றேன்" என்றாள் அக்கா.

"எதுக்குக்கா? ஒரு மணி நேரம் ஆகும், சும்மா உக்காந்திருக்கணும்."

"மரத்துப் போற ஊசி போடுவாங்க. தல சுத்துனா யாரு புடிக்கறது?"

அன்றைய கூலியை விட்டுவிட்டு, கிளிப்பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு என்னோடு பஸ் ஏறினாள். லவ்டேல் தாண்டும்வரை என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

4

சிகிச்சை நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு அக்காவை உட்காரவைத்தார் மருத்துவர். ஊசி போட்டு மரத்துப்போகக் காத்திருந்த நேரத்தில் பேச்சுக் கொடுத்தார்.

"ஏனுங்கம்மா, தங்கச்சி பல்லுக்காகவா அவ்வளவு தூரத்துல இருந்து வந்தாங்க?"

"என்னப் பாக்க வந்துச்சுங்க" என்றாள் அக்கா. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மருத்துவர் சிரித்தார். அக்காவும் சிரித்தாள், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு. மருத்துவர் கையிலிருந்த கருவியைத் தட்டில் வைத்தார்.

"அம்மா, சேலைய எடுங்க. கொஞ்சம் வாயத் திறங்க பாக்கலாம்."

"எனக்கு ஒண்ணுமில்லீங்க. அமுதாவப் பாருங்க."

"பாக்கறேன். நீங்க ஒரு நிமிசம் திறங்க."

அக்கா திறந்தாள். ஒரு விரற்கடைதான் திறந்தது. இன்னும் திறக்கப்போகிறாள் என்று காத்திருந்தேன். அவ்வளவுதான்.

"உங்க மூணு விரலைச் சேத்து இப்படி வாய்க்குள்ள வைங்கம்மா" என்று மருத்துவர் தன் விரல்களைக் குத்தாகச் சேர்த்து வைத்துக் காட்டினார். அக்கா மூன்று விரலை வைக்கப் பார்த்தாள், போகவில்லை. இரண்டு விரல், போகவில்லை. ஆள்காட்டி விரலை மட்டும் வைத்தாள். அதுவும் நகத்துக்கு மேல் உள்ளே போகவில்லை. பரீட்சையில் தப்பாக எழுதிவிட்ட பிள்ளை மாதிரி என்னைப் பார்த்தாள்.

மருத்துவர் டார்ச் அடித்து, கண்ணாடிக் கரண்டியால் இடது கன்னத்தை மெல்ல விலக்கினார். நான் நாற்காலியிலிருந்து எழுந்து, பாதி முகம் மரத்துப் போயிருக்க, பின்னாலிருந்து எட்டிப் பார்த்தேன். பார்க்கத் தெரியாதவளாக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். எனக்குப் பார்க்கத் தெரியும். வெளுத்து நார்நாராக இறுகிய கன்னம். அதன் நடுவே, விளிம்பு தடித்து, காலிஃபிளவர் மாதிரிப் பூத்த புண்.

பயிற்சிக் கையேட்டில் அந்தப் படத்துக்குக் கீழே என்ன எழுதியிருக்கும் என்பதும் தெரியும்.

"பொகயில வெப்பீங்களாம்மா?"

"வெப்பேனுங்க."

"எத்தனை வருசமா?"

"இவ வெளிநாடு கிளம்புன வருசத்துல இருந்து. அப்போ கடவாப்பல்லு வலி தாங்கலீங்க. இவளுக்குச் சாமான் கட்டற அவசரம், ஆஸ்பத்திரி போகல. கூட வேல செய்யற பொம்பள சொல்லுச்சு, பாக்கோட துளியூண்டு பொகயில வெச்சுக்க, மரத்துப் போயிரும்னு."

"அந்தப் பல்லு?"

"அது அப்பவே விழுந்துருச்சுங்க. பொகயில மட்டும் விட்டுப் போகல. விடியறதுக்கு முன்னாடி அந்தக் குளுருல கேரட்டு புடுங்கப் போறமல்லங்க, அது இல்லாம கை ஓடாது."

மருத்துவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். அன்றைக்குத் தலை சுற்றியது எனக்குத்தான். பிடித்தது அக்காதான்.

பதினான்கு வருடத்தில் எத்தனை ஆயிரம் வாய்களைப் பார்த்திருப்பேன். முன்பின் தெரியாதவர்களின் கன்னத்தில் அரிசி அளவு வெள்ளைத் திட்டைப் பார்த்து நர்ஸிடம் ஓடியிருக்கிறேன். என்னை வளர்த்தவளோடு வாரம் தவறாமல் முகம் பார்த்துப் பேசியிருக்கிறேன். "அக்கா, அந்தச் சேலையைக் கொஞ்சம் எடு" என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

5

என் பல்லை அப்படியே விட்டுவிட்டு, மருத்துவர் எழுதிக்கொடுத்த சீட்டோடு மறுநாளே கோயம்புத்தூர் போனோம். சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வர ஒரு வாரம். எது வந்தாலும் தயாராக இருக்கட்டும் என்று அரசுக் காப்பீட்டு அட்டை எடுக்கச் சொன்னார்கள்.

அதில் ஒரு சிக்கல். ஆதாரில் சரோஜா. ரேஷன் கார்டில் சரோஜினி. அப்பா இலங்கையிலிருந்து வந்தபோது கொடுத்த பழைய குடும்பச் சான்றில் சரோஜம்மா. மூன்றும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க வேண்டும். அலுவலகத்தில் இருந்த பெண் நல்ல மாதிரி. "எதுக்கும் வீட்ல இருக்கற பழைய பேப்பர் எல்லாம் கொண்டாங்கக்கா, எதுல எந்தப் பேர் இருக்குதுன்னு பாக்கலாம்" என்றார்.

வீட்டுக்கு வந்து கட்டிலுக்கு அடியிலிருந்த தகரப் பெட்டியை இழுத்தேன். அக்கா வெளியே துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பெட்டியில் மாமாவின் இறப்புச் சான்று, செல்வத்தின் மதிப்பெண் பட்டியல், நான் அனுப்பிய போட்டோக்கள். அவற்றுக்குக் கீழே, நான்காக மடித்த ஒரு சீட்டு. ஏதோ மருத்துவ முகாமில் கொடுத்தது. அக்காவின் பெயர், வயது. கீழே ஆங்கிலத்தில் இரண்டு வரி: இடது கன்னத்தில் சந்தேகத்துக்குரிய புண், உடனே கோயம்புத்தூர் புற்றுநோய்ப் பிரிவுக்கு அனுப்பவும். தேதியைப் பார்த்தேன். இரண்டு வருடத்துக்கு முந்தையது.

அதைப் பிடித்துக்கொண்டே வெளியே போனேன். "என்னக்கா இது?"

அக்கா கொடியில் போட்ட துணியை நீவிவிட்டபடி பார்த்தாள். "கேம்ப்புல குடுத்தது."

"இதுல என்ன எழுதியிருக்குதுன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும். படிச்சுச் சொல்லித்தான் குடுத்தாங்க."

"தெரிஞ்சும் ஏன் போகல?"

"போனா இன்னதுன்னு சொல்லிருவாங்க. சொன்னா உன்கிட்டச் சொல்லணும். சொன்னா நீ கிளம்பி வந்துருவ. உன் வேல என்னாவறது, நிவி படிப்பு என்னாவறது? அதான் சொல்லல."

அக்கா கோபப்பட்டிருக்கலாம். அழுதிருக்கலாம். இரண்டும் இல்லை. சந்தைக்குப் போய்வந்த விவரம் சொல்வது மாதிரிச் சொன்னாள். எனக்குத்தான் கத்த வேண்டும் போல இருந்தது. கத்தினேன். பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. "நான் வராமலேயே இருந்திருந்தா? செத்துப் போனதுக்கப்புறம் போன் பண்ணிச் சொல்லச் சொல்லியிருப்பியா?"

"அதான் பல்லு வலிச்சு வந்துட்டியே, கண்ணு" என்றாள் அக்கா.

குத்திக்காட்டவில்லை. உண்மையாகவே அதை ஒரு நல்ல காரியமாகத்தான் சொன்னாள். நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். ஆறு வருடத்தில் கல்யாணம், காதுகுத்து, மாமாவின் சாவு எதற்கும் வராதவள். என் பல் உடையாமல் இருந்திருந்தால் அந்த வருடமும் வந்திருக்க மாட்டேன்.

6

முடிவு நாங்கள் பயந்தபடிதான் வந்தது. கன்னத்தைத் தாண்டி நாக்கின் ஓரத்திலும் பரவியிருந்தது. கழுத்தில் ஒரு கட்டி. ஆனால் நுரையீரல் சுத்தம், எடுத்துவிடலாம் என்றார் அறுவை மருத்துவர். "ரெண்டு வருசம் முன்னாடி வந்திருந்தா சின்ன வேலை" என்றும் சொன்னார். அவர் எல்லோரிடமும் சொல்வதாக இருக்கும். நான் அக்காவைப் பார்க்கவில்லை. அக்கா என்னைப் பார்க்கவில்லை.

என் மேலாளருக்குப் போன் செய்தேன். விடுப்பை நீட்ட வேண்டும், அக்காவுக்கு அறுவை சிகிச்சை என்றேன். எங்கள் விதிமுறையில் நெருங்கிய குடும்பத்துக்கென்று தனி விடுப்பு உண்டு. பெற்றோர், துணை, பிள்ளை. அக்கா அந்தப் பட்டியலில் எங்கே வருகிறாள் என்று பார்த்துச் சொல்வதாகச் சொன்னார். "வளர்த்தவர்" என்பதற்கு ஆங்கிலத்தில் என்ன சொல்வதென்று அந்த நேரத்தில் எனக்கு வரவில்லை. "ஷி மேட் மீ" என்றேன். அவள் என்னைச் செய்தாள். மேலாளர் பட்டியலை விட்டுவிட்டு, "எவ்வளவு நாள் வேண்டும்?" என்று கேட்டார்.

பெயர்ச் சிக்கல் தீர்ந்து காப்பீட்டு அட்டையும் கைக்கு வந்தது. அறுவை சிகிச்சை ஒன்பது மணி நேரம். இடது கன்னத்தின் உட்புறம், தாடையில் ஒரு துண்டு, நாக்கின் ஓரம், கழுத்துக் கட்டி எல்லாம் எடுத்து, தொடையிலிருந்து சதை எடுத்துக் கன்னத்தில் வைத்துத் தைத்தார்கள். செல்வம் திருப்பூரிலிருந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். "சித்தி, அம்மா எங்கிட்டயும் சொல்லல சித்தி" என்று திரும்பத் திரும்பச் சொன்னான்.

அக்கா கண் விழித்தபோது அவள் முகம் எனக்கு அடையாளம் தெரியவில்லை. எத்தனையோ நோயாளிகளைக் குளிப்பாட்டித் துடைத்தவள் நான். அந்தக் கட்டில் அருகே போக என் கால் வரவில்லை. அக்காதான் கையை ஆட்டிக் கூப்பிட்டாள். மூக்கில் குழாய். தொண்டையில் குழாய். என் வலது கன்னத்தை ஒரு விரலால் தொட்டு, புருவத்தை உயர்த்தினாள். பல் என்ன ஆயிற்று என்று கேட்கிறாள்.

அன்று மாலையே கோயம்புத்தூரில் கண்ணில் பட்ட ஒரு கிளினிக்குக்குப் போய், "பிடுங்கிருங்க" என்றேன். பத்து நிமிட வேலை. எதற்காக அத்தனை கடல் தாண்டிப் போனேனோ அந்தப் பல் ஒரு பஞ்சுக்குள் கிடந்தது. அந்த இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. நிரப்பத் தோன்றவில்லை.

7

கதிர்வீச்சு ஆறு வாரம். பாதிவரைதான் என்னால் இருக்க முடிந்தது. மீதிக்குச் செல்வம் அம்மாவைத் தன்னோடு வைத்துக்கொண்டான். அக்கா இப்போது கேத்திக்குத் திரும்பிவிட்டாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை. போன தடவை சுத்தமாக இருக்கிறது என்றார்கள். ஒவ்வொரு முறையும் அந்தச் சொல் வருகிறவரை நான் இங்கே போனைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன்.

ஆனால் அக்காவின் பேச்சு போய்விட்டது. நாக்கு மடங்குவதில்லை. ல, ழ, ர எல்லாம் ஒரே கொழகொழப்பாக வருகின்றன. எதிரே இருந்தால் உதட்டைப் பார்த்துப் பிடித்துவிடலாம். போனில் எனக்கு ஒன்றும் விளங்குவதில்லை. "என்னக்கா? இன்னொருக்காச் சொல்லு" என்று மூன்றாவது தடவை கேட்கும்போது அவள் முகம் வாடிவிடும். "ம்" என்று விட்டுவிடுவாள். ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு ஐந்து நிமிடமாகச் சுருங்கிவிட்டது.

என் மகள் நிவிக்குப் பதினாறு வயது. இரண்டு வயதில் கூட்டிக்கொண்டு வந்தோம். வீட்டில் நாங்கள் தமிழில் கேட்டால் அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். எழுத்து தெரியாது. 'பெரியம்மா' என்பது அவள் வாயில் 'பெரிம்மா'. ஊரிலிருந்து போன் வந்தால், "ஹாய் பெரிம்மா, பை பெரிம்மா" என்று கையாட்டிவிட்டு ஓடிவிடுகிறவள். இவள் நம் கையைவிட்டுப் போய்விட்டாள் என்று ரவியிடம் எத்தனையோ முறை அழுதிருக்கிறேன்.

போன ஞாயிறு சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்தேன். நிவி அறையில் சிரிப்புச் சத்தம். தோழிகளோடு பேசுகிறாள் என்று நினைத்தேன். இடையில் அந்தக் கொழகொழத்த குரல் கேட்டது. கதவருகே போய் நின்றேன். நிவி கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு போனைத் தலையணையில் சாய்த்து வைத்திருந்தாள். திரையில் அக்கா, முகத்தில் எந்தத் துணியும் இல்லாமல், தைத்த கன்னத்தோடு, கையை ஆட்டி ஆட்டி ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தாள். நிவி சரியான இடங்களில் சிரித்தாள். "நோ வே! அப்புறம்?" என்றாள். அக்கா அப்புறம் சொன்னாள். எனக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை.

பேசி முடித்ததும் உள்ளே போய், "உனக்கு எப்படிடி புரியுது?" என்று கேட்டேன்.

நிவி தோளைக் குலுக்கிவிட்டு, வழக்கத்துக்கு மாறாகத் தமிழிலேயே பதில் சொன்னாள். "எனக்கு எப்பவுமே பாதி வேர்ட்ஸ் புரியாதும்மா. சின்ன வயசுல இருந்தே நான் ஃபேஸ் பாத்துத்தான் கண்டுபிடிப்பேன். பெரிம்மா இப்போ பேசறதும் எனக்கு அதே மாதிரிதான். நத்திங் சேஞ்ச்டு."

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். எத்தனை நாளாக இது நடக்கிறது என்று கேட்டேன். ஏப்ரலிலிருந்து, வாரத்தில் மூன்று நாள் என்றாள். கூப்பிடுவது பெரும்பாலும் அக்காதானாம்.

"இன்னைக்கு என்ன அப்படிச் சிரிப்பு?"

"திங்கக்கிழமைல இருந்து திரும்பக் கேரட் தோட்டத்துக்குப் போறாங்களாம். சூப்பர்வைசர் வேண்டாம்னாராம். பெரிம்மா அவர் முன்னாடியே ரெண்டு மூட்டையைத் தூக்கிக் காட்டினாங்களாம்."

"ஐயோ! கழுத்து நரம்பெல்லாம் எடுத்திருக்குதே! எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!" நான் போனைத் தேடி எழுந்தேன்.

"அம்மாகிட்டச் சொல்லாதேன்னாங்க" என்றாள் நிவி, தன் போனை என்னிடம் நீட்டியபடி. "அதான் சொல்றேன்."